ஒதுக்கி வைத்த குரல்

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த சலவைக்கூடத்தில் அவளை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்த மேஸ்திரியம்மாவும் அப்படித்தான். காரணம் அவளுடைய தம்பி. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் பின்வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு அவன் "அக்கோவ்!" என்று போடுகிற சத்தம், உள்ளே ஓடுகிற மெஷின் இரைச்சலை எல்லாம் தாண்டி வந்து சேரும். "வந்துட்டாரு துரை. போய் அந்த வாயை அடைச்சிட்டு வாங்க அக்கா" என்று மேஸ்திரியம்மா கேலியாக ஆரம்பித்தது, போகப் போக அவளுக்குப் பெயராகவே ஒட்டிக்கொண்டது.

அவள் வேலை இஸ்திரி உருளையில். ஈரம் பிழிந்து வரும் படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, சூடான உருளைக்குள் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் இரண்டு பேர் வாங்கி மடிப்பார்கள். கூடம் முழுக்க ஆவி நிறைந்திருக்கும். உயரத்தில் இருந்த ஜன்னல்கள் வழியே வெயில் அந்த ஆவிக்குள் இறங்கும்போது பாலைக் கலக்கிவிட்ட மாதிரி இருக்கும். எதிரே நிற்கிறவளின் முகம் தெரியாது. கைகள் மட்டும் வந்து போகும். அந்த வெண்மைக்குள் நின்றுகொண்டிருக்கும்போது வருஷம், மாசம் எல்லாம் கழன்று போய்விடும் அவளுக்கு. இன்னும் பதினாறு வயசுதான் ஆகிறது, வீட்டில் தம்பி பள்ளிக்கூடம் விட்டு வந்து பசியோடு உட்கார்ந்திருக்கிறான் என்று தோன்றும். சட்டென்று கை சுட்டால்தான் நினைவு வரும்.

அம்மா போனபோது அவளுக்குப் பதினாறு, தம்பிக்கு ஆறு. அப்பா அதற்கு முன்பே கண் காணாமல் போய்விட்டிருந்தார். அவனுக்குத் தலை சீவி, நகம் வெட்டி, காய்ச்சலுக்கு ஈரத்துணி போட்டு வளர்த்தவள் அவள்தான். கல்யாணமாகிப் போனபோது கையோடு அவனையும் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். தங்கமான மனுஷர். "பொண்ணோட ஒரு மச்சானையும் சேர்த்துக் கட்டி அனுப்பிட்டாங்க. பிரிச்சுப் பார்க்குறதுக்குள்ள சாப்பிட உட்கார்ந்துட்டான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை. இரண்டு தெரு தள்ளி இருந்த டைல்ஸ்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தான். டைல்ஸ்காரர் அதிகம் பேசாதவர். தரை போடுவதில் கை சுத்தம். தம்பிமேல் அவருக்குப் பிரியமும் இருந்தது. ஒரே வண்டியில் போவார்கள், ஒரே டீயைப் பங்கு போட்டுக் குடிப்பார்கள். டைல்ஸ்காரருக்கு ஒரு தங்கை இருந்தாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. போக வர அவளைப் பார்த்துத் தம்பி மனசைப் பறிகொடுத்தான். ஒருநாள் கேட்டும்விட்டான். அவள் வேண்டாம் என்றாள்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. தம்பி வேலையை விட்டான். வீட்டில் சிடுசிடுத்தான். ராப்பகலாகப் போனைக் கையில் வைத்துக்கொண்டு எதையோ தட்டிக்கொண்டே இருந்தான். "என்னடா எழுதுற?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, நீ போ" என்பான். வயசுக் கோளாறு, நாளானால் சரியாகிவிடும் என்று அக்கா விட்டுவிட்டாள்.

மழை விட்ட ஒரு சாயங்காலம் செய்தி வந்தது. மேஸ்திரியம்மா சுவரோரம் போய் இஸ்திரி உருளையை நிறுத்தினாள். வேலை நேரத்தில் அந்த உருளை நின்று அக்கா பார்த்ததே இல்லை. அப்படி ஒரு அமைதி. ஆவி மெல்ல இறங்கி, எதிரே இருந்தவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. எல்லாரும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். டைல்ஸ்காரர் வீட்டு வாசலில் தம்பி அடிபட்டுச் செத்துக் கிடந்தான் என்று யாரோ சொன்னார்கள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தண்ணீருக்குள் நடந்ததுபோலத்தான் அவளுக்கு நினைவிருக்கிறது. பேசினவர்களின் வாய் அசைந்தது, சத்தம் பிந்தி வந்தது.

கேஸ் நடந்தது. "கம்பியோட என்னைக் கொல்ல வந்தான். நான் தடுக்கத்தான் செஞ்சேன்" என்றார் டைல்ஸ்காரர். வாசலில் வைத்திருந்த கடப்பாரையால் அவர் அடித்திருந்தார். அவன் விழுந்த பிறகும் ஒரு அடி விழுந்திருந்தது. தெருவில் ஒரு இரும்புக் கம்பி கிடந்தது உண்மை. ஆனால் அது டைல்ஸ்காரர் வேலை செய்கிற இடத்துக் கம்பிதான், பையன் சமாதானம் பேச வெறுங்கையோடு போனான் என்று அரசு வக்கீல் சொன்னார்.

டைல்ஸ்காரரின் வக்கீல் தம்பியின் இணையப் பக்கத்தைக் காட்டப் பார்த்தார். ஊரே எழுதுகிற, படம் போடுகிற அந்த இணையதளத்தில் தம்பிக்கு ஒரு பக்கம் இருந்தது. அதில் வாரக்கணக்கில் டைல்ஸ்காரரைத் திட்டி எழுதியிருந்தான். கடைசியாகச் செத்த அன்றைக்குச் சாயங்காலம் ஒரு வீடியோ. அதில் முகம் தெரியாது. ஒரு கை, கையில் இரும்புக் கம்பி, அப்போதுதான் எரிய ஆரம்பித்த தெருவிளக்கு. கம்பி ஒரு படிக்கட்டில் டொக், டொக் என்று தட்டும். கூடவே ஒரு குரல் பேசும்.

நீதிபதி அதை ஏற்கவில்லை. யார் பெயரிலும் யாரும் பக்கம் திறக்கலாம், முகமும் தெரியவில்லை, இறந்தவர்தான் இதைப் போட்டார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டு, எழுத்தையும் வீடியோவையும் ஒதுக்கிவிட்டார். டைல்ஸ்காரருக்குக் கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை. அக்காவை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. வீட்டுக்காரர்தான் கோர்ட்டுக்குப் போய் வந்து நடந்ததைச் சொல்வார். அவள் தலையாட்டிக் கேட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போவாள்.

ஆனால் அந்த வீடியோ அவள் போனில் இருந்தது. அவளுக்கு மிச்சமிருந்த தம்பியின் குரல் அது ஒன்றுதான். பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சின்னதாக ஒரு சப்புக் கொட்டுவான் அவன். குழந்தையிலிருந்தே அந்தப் பழக்கம். வீடியோவிலும் அந்தச் சப்பு இருந்தது. காலையில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்பாள். கண்ணை மூடிக்கொள்வாள். சப்பு, அப்புறம் குரல், நடுநடுவே டொக் டொக். பாஷை தெரியாத ஊரில் பக்கத்து வீட்டிலிருந்து வரும் பாட்டைக் கேட்கிற மாதிரி கேட்பாள். அவன் என்ன சொல்கிறான் என்பது காதுவரை வந்து அங்கேயே நின்றுவிடும். சொல்கிறவன் அவன் என்பது மட்டும் உள்ளே இறங்கும். அந்தக் கிறக்கத்திலேயே நாலு வருஷம் ஓடிற்று.

அப்புறம்தான் டைல்ஸ்காரர் போட்ட மேல்முறையீடு விசாரணைக்கு வருவதாக அரசு வக்கீல் ஆபீஸிலிருந்து போன் வந்தது. "நீங்க வரணும்னு கட்டாயம் இல்லம்மா. சும்மா தகவலுக்குச் சொல்றோம்" என்றாள் பேசின பெண்.

"நான் போறேன்" என்றாள் அக்கா. இந்தத் தடவை மட்டும் ஏன் போக வேண்டும் என்று தோன்றிற்று என்று வீட்டுக்காரர் கேட்டார். அவளுக்கே தெரியவில்லை.

மேல்கோர்ட்டின் அறை கோடவுன் மாதிரி உயரமாக இருந்தது. எங்கோ மேலே மின்விசிறிகள் சுற்றின, காற்று கீழே வரவில்லை. மூன்று நீதிபதிகள். சாட்சி கிடையாது, கூண்டு கிடையாது, டைல்ஸ்காரரையும் கூட்டி வரவில்லை. வக்கீல்கள் மட்டும் பேசினார்கள். டைல்ஸ்காரரின் வக்கீலுக்கு அன்றைக்கு ஜலதோஷம். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "ஒதுக்கப்பட்ட பதிவுகளை வாசிக்க அனுமதி வேண்டும்" என்று கேட்டு வாசிக்க ஆரம்பித்தார்.

மளிகைச் சாமான் வாசிக்கிற மாதிரி ஒரே சீராக வாசித்தார். "உன் வீட்டுத் தரையை நான்தான் போட்டேன். அதுல உன்னையே கிடத்துறேன்." கைக்குட்டை. "உன் தங்கச்சி கடைக்குப் போற வழி எனக்குத் தெரியும். அவ திரும்பி வர்ற வழியும் தெரியும்." மறுபடி கைக்குட்டை. "வாசல்ல வந்து நிக்கிறேன். இன்னைக்கு நான் ஒருத்தன், இல்ல நீ ஒருத்தன்."

வீடியோவில் வரும் அந்தக் கடைசி வாக்கியத்தை அக்கா எத்தனையோ காலைகளில் கேட்டிருக்கிறாள். ஜலதோஷக்காரரின் குரலில் கேட்டபோதுதான் அது வார்த்தைகளாக வந்து விழுந்தது. குரலை எடுத்துவிட்டு வார்த்தையை மட்டும் யாரோ கையில் கொடுத்த மாதிரி இருந்தது. அறை மெல்லச் சாய்ந்தது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இது அந்தப் பையன் எழுதினதுதான் என்று எப்படிச் சொல்வது?" என்று அரசு வக்கீல் எழுந்தார். நடுவில் இருந்த நீதிபதி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "வேறு யாராவது எழுதியிருக்கலாம் என்பதற்கு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். அரசு வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். புரட்டுகிற சத்தம் வெகுதூரத்தில் கேட்டது.

வெளியே வராந்தாவில் தண்ணீர்க் குழாய் இருந்தது. அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தபோது பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். டைல்ஸ்காரரின் தங்கை. இளைத்திருந்தாள். இரண்டு பேருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"அக்கா" என்றாள் அந்தப் பெண்.

அந்த அழைப்புக்கு அக்காவின் உடம்பு தானாகத் திரும்பிற்று.

"நான் வேணாம்னு சொன்னேன், அக்கா. அவ்வளவுதான் சொன்னேன். கோவமாகூடச் சொல்லல. அதுக்கப்புறம் கடைக்குத் தினம் ஒரு தெருவா மாறி மாறிப் போனேன்."

"நீ என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமேம்மா."

"வந்தேன். உங்க சலவைக்கூடம்வரை வந்தேன். உங்க தம்பி கதவாண்ட நின்னு, 'அக்கோவ்'னு கத்திட்டிருந்தாரு. நீங்க சிரிச்சுக்கிட்டே வந்து அவர் கையில எதையோ குடுத்தீங்க. எனக்கு வாய் வரல. திரும்பிட்டேன்."

அக்கா தன் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அந்தப் பெண்ணின் கையில் துடைக்க எதுவும் இல்லாததைப் பார்த்து, மறுமுனையை அவளிடம் நீட்டினாள். அவள் ஒரு கணம் தயங்கிவிட்டு வாங்கித் துடைத்துக்கொண்டாள்.

சில வாரங்களில் தீர்ப்பு வந்தது. பதிவுகளை ஒதுக்கியது தவறு, அவற்றைக் கேட்ட பிறகே முடிவுக்கு வந்திருக்க வேண்டும், ஆகவே தண்டனை ரத்து, மறுவிசாரணை நடக்கட்டும். கூடவே இன்னொன்றும் வந்தது. அந்தக் குரலை அடையாளம் சொல்ல அக்காவைச் சாட்சியாகக் கூப்பிட டைல்ஸ்காரரின் வக்கீல் மனு போட்டிருந்தார்.

செய்தி கேட்டு அவளுடைய சித்தி பஸ் ஏறி வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்தாள். "தெரியலைன்னு சொல்லிட்டு வந்துடு. ஒரு வார்த்தை. உன் நாக்கா தேய்ஞ்சிடும்?"

"முகம்தான் தெரியலையே" என்றார் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி. "முகம் தெரியாதப்போ தெரியலைன்னு சொன்னா அது பொய்யா என்ன?"

"உங்களுக்குத் தெரியலையா அது யாருன்னு?" என்று அக்கா கேட்டாள்.

அவர் கையிலிருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கீழே வைத்துவிட்டு, "தெரியாம என்ன. எத்தனை தடவை அந்தச் சப்புக்கு நான் திட்டியிருக்கேன்" என்றார்.

"அப்ப அந்தப் பக்கத்தையே அழிச்சுத் தொலைங்க" என்றாள் சித்தி.

"கோர்ட்டுல எல்லாத்தையும் எடுத்து வெச்சிட்டாங்க சித்தி. நான் அழிச்சா எனக்குத்தான் இல்லாம போகும்."

அன்றிலிருந்து அவள் பஸ்ஸில் வீடியோவைப் போடவில்லை. தூக்கமும் போயிற்று. பகலில் உருளை முன்னால் நிற்கும்போது கனவு வரும். ஆவிக்குள் தம்பி நிற்பான், ஆறு வயசுப் பையனாக, விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு. கையில் கம்பி இருக்கிறதா என்று பார்ப்பாள். விரிப்பு மறைக்கும். "அக்கா, கை, கை!" என்று மேஸ்திரியம்மா கத்துவாள். இரண்டு தடவை விரல் கொப்பளித்துவிட்டது. அவளை உருளையிலிருந்து எடுத்து மடிக்கிற பக்கம் போட்டார்கள்.

மறுவிசாரணையில் சாட்சிக்கூண்டில் அவளை நிற்கவைத்தபோது வீடியோவைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டார்கள். போனில் காதோரம் கேட்டது இங்கே அறை முழுக்க நிறைந்தது. சப்பு. டொக், டொக். வாசல்ல வந்து நிக்கிறேன். டைல்ஸ்காரர் எதிரே உட்கார்ந்திருந்தார். தலை நரைத்துவிட்டிருந்தது. கம்பிச் சத்தம் வந்தபோது அவருடைய தோள்கள் ஒடுங்கியதை அவள் பார்த்தாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவருக்கு அந்தச் சத்தம் பயமாக இருந்தது.

"இந்தக் குரல் யாருடையதும்மா?"

அக்காவுக்குத் தான் ரொம்ப உயரத்தில் நிற்பதுபோல இருந்தது. கீழே ஒரு சின்ன வீடு. அதில் ஒரு பையனுக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டிருக்கிறாள் ஒரு பெண். சீவும்போது அவன் ஆடாமல் இருக்க மாட்டான். தாடையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"என் தம்பி குரல்" என்றாள்.

"நிச்சயமா?"

"பேசறதுக்கு முன்னாடி சப்புக் கொட்டுறான் பாருங்க. சின்னதுலேர்ந்து அப்படித்தான். நான் வளர்த்த பிள்ளைங்க. எனக்குத் தெரியாதா?"

பின்வரிசையில் சித்தி எழுந்து வெளியே போவது தெரிந்தது. அடுத்து அரசு வக்கீல் எழுந்தார். குரலைத் தணித்துக் கேட்டார். "உங்க தம்பி சொன்னதைச் செய்யக்கூடியவரா?"

"தெரியலைங்க. கோவம் வந்தா கத்துவான். அப்புறம் வந்து மடியில படுத்து அழுவான். அன்னைக்கு இதுல எதைச் செஞ்சிருப்பான்னு எனக்குத் தெரியல." அவள் நீதிபதி பக்கம் திரும்பினாள். யாரும் கேட்காததைச் சொல்கிறோம் என்று தெரிந்தே சொன்னாள். "அவரு பயந்துட்டாரு, சரி. அந்தப் பொண்ணும் பயந்துச்சு. ஆனா அவன் கீழ விழுந்துட்டான் ஐயா. விழுந்தப்புறமும் ஒரு அடி. அதையும் சேர்த்துப் பாருங்க."

டைல்ஸ்காரர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

பார்த்தார்கள். கொலைக் குற்றம் நிற்கவில்லை. தற்காப்பில் தொடங்கி எல்லை மீறிப் போன குற்றம் என்று தீர்ப்பாயிற்று. புதிதாகக் கொடுத்த தண்டனையில் பாதிக்கு மேல் அவர் ஏற்கெனவே உள்ளே இருந்து கழித்துவிட்டிருந்தார்.

தீர்ப்பு நாளன்று அக்காவும் வீட்டுக்காரரும் பஸ்ஸில் திரும்பினார்கள். வெயில் சாய்ந்து, ஜன்னல் கண்ணாடியெல்லாம் தேன் பூசின மாதிரி இருந்தது. ஏதாவது பேசுவாள் என்று அவர் பார்த்தார். அவள் அவர் தோளில் தலையைச் சாய்த்தாள். கண்டக்டர் வந்து தட்டியபோது பஸ் காலியாக இருந்தது.

"என்னங்க அண்ணே, நம்ம டிப்போ ஆளே டிப்போவுக்கு வந்து தூங்குறீங்க?"

"நீங்களாவது எழுப்பக் கூடாதா?" என்றாள் அக்கா எழுந்துகொண்டே.

"நானும்தானே தூங்கிட்டேன்" என்றார் வீட்டுக்காரர். நாலு ஸ்டாப் தூரம் நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். வழியில் அவள் தம்பியைப் பற்றிப் பேசினாள். அவன் எட்டு வயசில் பக்கத்து வீட்டுக் கோழியைத் துரத்தி நொண்டியாக்கிய கதை. அப்புறம் அதே கோழிக்கு அவன் குச்சி வைத்துக் கட்டுப்போட்ட கதை. முதல் பாதியை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சித்தி பேச்சை நிறுத்திவிட்டாள். "தம்பியை ரெண்டாவது தடவை கொன்னவ" என்று உறவில் சொல்லித் திரிந்தாள். காதில் விழுந்தது. விழுந்த நாளில் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டாள்.

அடுத்த வருஷம் டைல்ஸ்காரர் வெளியே வந்தார். அந்த வீட்டை விற்றுவிட்டு அண்ணனும் தங்கையுமாக வேறு ஊருக்குப் போனார்கள். போவதற்கு முந்தின நாள் தங்கை மட்டும் சலவைக்கூடத்துக்கு வந்தாள். கூப்பிடத் தெரியாமல் கதவோரம் நின்றாள். மேஸ்திரியம்மாதான் பார்த்துவிட்டு உள்ளே வந்து, "உங்களைத் தேடி ஒரு பொண்ணு வந்திருக்கு, அக்கா" என்றாள்.

உருளைக்கே திரும்பி வந்திருந்த அக்கா ஈரக்கையோடு போனாள். கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருவரும் நின்று கொஞ்ச நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று மேஸ்திரியம்மா எவ்வளவோ துளைத்துக் கேட்டுப் பார்த்தாள்.

"புது ஊர்ல கண்ணாடிக் கடையில வேலை கிடைச்சிருக்காம்" என்றாள் அக்கா. "வீட்டுலேர்ந்து நேரே ஒரே தெருதானாம்." சொல்லிவிட்டு விரிப்பின் முனையை எடுத்து உதறினாள்.